கோட்டாவும் கோலாவும்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். அமெரிக்கா சர்க்கரை இறக்குமதிக்குக் கோட்டா போட்டது, உள்ளூர் விலை ஏறியது, கோக்கும் பெப்சியும் மக்காச்சோளப் பாகுக்கு மாறின என்று மூன்றே வரியில் கதையை முடித்துவிட்டாய். படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. எனக்குச் சந்தேகம் வந்ததும் அதனால்தான்.

ஆண்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார். குளுக்கோஸைப் பிரக்டோஸாக மாற்றும் நொதியை வைத்து அயோவாவில் ஓர் ஆலை இந்தப் பாகை விற்கத் தொடங்கியது 1967இல். 1974 கடைசியில் உலகச் சந்தையில் கச்சாச் சர்க்கரை பவுண்டுக்கு 60 சென்டைத் தாண்டியது. குளிர்பானக் கம்பெனிகளுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது அந்த விலைதான். கோக்கில் பாதி இனிப்பு பாகாக இருக்கலாம் என்று பாட்டிலில் அடைப்பவர்களுக்கு அனுமதி கிடைத்தது 1980இல். அதிபர் ரீகன் நாடுவாரியாகக் கோட்டா அறிவித்ததோ 1982 மே மாதம். நீ காரணம் என்று சொல்வது, விளைவு தொடங்கி இரண்டு வருஷம் கழித்துத்தான் வந்து சேருகிறது.

அதற்காகக் கோட்டாவைக் கதையிலிருந்து தூக்கிவிடாதே. 1985இல் உலக விலை 3 சென்ட் அளவுக்கு விழுந்தபோதும் அமெரிக்காவுக்குள் 20 சென்டை ஒட்டியே நின்றது. சர்க்கரை அந்த உயரத்தில் நிற்கும்வரை, அதைவிடக் கொஞ்சம் குறைத்து விற்றாலே பாகுக்காரருக்கு நல்ல லாபம். 1984 நவம்பரில் இரண்டு கம்பெனிகளும் முழுக்கப் பாகையே சேர்க்க வழிவிட்டன. கரும்பு, பீட் விவசாயிகளோடு மக்காச்சோள ஆலைக்காரர்களும் சேர்ந்துகொண்டு சர்க்கரைக்குப் பாதுகாப்பு கேட்டு வாஷிங்டனில் மல்லுக்கட்டினார்களே, ஏன்? போட்டிச் சரக்கின் விலை இறங்கக் கூடாதே! கட்டுரையின் உயிர் இங்கே இருக்கிறது. நீ இதற்கு அரை வரிகூடக் கொடுக்கவில்லை.

சுங்கத்துறை வழக்குகளையும் தேடிப் படி. சிரிப்பும் வரும். 1990களில் கனடாவில் சர்க்கரையோடு மொலாசஸைக் கலந்து பாகாக்கி மிச்சிகனுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வடிவில் வந்தால், கோட்டாவுக்கு மேல் வரும் சர்க்கரைக்குப் போடும் வரி கிடையாது. எல்லை தாண்டியதும் சர்க்கரையைப் பிரித்தெடுத்துக்கொண்டு, மொலாசஸை அடுத்த தடவைக்காகக் கனடாவுக்கே திருப்பி அனுப்பினார்கள். 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சுங்கத்துறைப் பக்கம் தீர்ப்புச் சொல்லி அந்த ஓட்டையை அடைத்தது.

மெக்சிகோ வேறு வழியில் போனது. கரும்புச் சர்க்கரை அல்லாத இனிப்புச் சேர்த்த பானங்களுக்கு 2002இல் 20 சதவீத வரி போட்டு, உலக வர்த்தக அமைப்பில் 2006இல் வழக்கில் தோற்றது. இதற்கு ஒரு பத்தி போதும்.

‘பாகு நஞ்சு, கரும்பு அமிர்தம்’ என்ற பகுதியை அப்படியே வெட்டிவிடு. பானத்தில் சேரும் பாகின் இனிப்பில் பிரக்டோஸ் 55 சதவீதம். கரும்புச் சர்க்கரை உடைந்தால் குளுக்கோஸும் பிரக்டோஸும் சரிபாதி. பாட்டிலில் உள்ள அமிலம் அதை நாளடைவில் உடைக்கத்தான் செய்யும். 2025இல் டிரம்ப் கரும்புச் சர்க்கரைக் கோக் வருகிறது என்று அறிவித்தபோது கிளம்பிய ஆரோக்கியப் பேச்சில் இந்தக் கணக்கை எத்தனை பேர் போட்டார்கள்?

ஒரு குறை மட்டும் எனக்கு உறுத்துகிறது. பிலிப்பைன்ஸின் நெக்ரோஸ் தீவு உன் கட்டுரையில் இல்லவே இல்லை. 1980களின் நடுவில் சர்க்கரை விலை சரிந்து, அமெரிக்காவுக்கு அனுப்பும் அளவும் சுருங்கியபோது, கரும்புத் தோட்டக் கூலிகளுக்கு வேலை போயிற்று, குழந்தைகள் பட்டினியில் மெலிந்தார்கள். அங்கும் பழியைக் கோட்டாவின் தலையில் மட்டும் போட்டுவிடாதே. சர்க்கரை வியாபாரத்தை அந்நாட்டு அதிபர் மார்க்கோஸின் நெருங்கிய வட்டம் கைக்குள் வைத்திருந்ததையும் எழுது.

இவ்வளவையும் சேர்த்தால் நீளும். நீளட்டும், இன்னும் இரண்டு பக்கம் ஒதுக்கச் சொல்கிறேன். திருத்தியதை அனுப்பும்போது அந்த ஆண்டு வரிசைத் தாளையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்