சொல்லாமல் கிளம்பலாமா?

கேள்வி: துபாயில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. இன்னும் புரோபேஷன் முடியவில்லை. அங்கேயே வேறு கம்பெனியில் நல்ல சம்பளத்துக்குக் கூப்பிடுகிறார்கள். உடனே மாறலாமா?

பதில்: மாறலாம், உடனே முடியாது. 2022 பிப்ரவரியில் அமலுக்கு வந்த அமீரகத் தொழிலாளர் சட்டப்படி, ஒரு மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். (நாட்டைவிட்டே கிளம்புகிறவருக்கு 14 நாள் போதும்.) உங்களை வரவழைத்த செலவைப் பழைய முதலாளி புதியவரிடம் கேட்கலாம், உங்கள் தலையில் கட்டக் கூடாது. புதியவரிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள், பிறகு தெரிந்தால் முகம் சுளிப்பார். வாட்ஸ்அப்பில் ‘நாளையிலிருந்து வரமாட்டேன்’ என்று தட்டிவிட்டு ரூமில் படுத்துக்கொண்டால், ஓடிப்போனதாகப் புகார் போகும். ஓராண்டுக்குப் புது பெர்மிட்டுக்கே ஆபத்து. ராஜினாமாவை ஈமெயிலில் அனுப்புங்கள். நகல் உங்கள் சொந்த ஈமெயிலுக்கும் போகட்டும். ஆபீஸ் ஈமெயிலை எந்த நிமிடமும் முடக்கிவிடுவார்கள்.