வெளிச்சத்தை அளந்து கொடு

அன்பு மகளுக்கு,

மீன் தொட்டியின் தரை முழுக்கப் புல்வெளிபோலப் பச்சை படர வேண்டும் என்று கேட்டிருந்தாய். உன் இரண்டடித் தொட்டியில் அது தாராளமாக முடியும். ஆனால் எடுத்த எடுப்பிலேயே பெரிய விளக்கு வாங்கிவிடாதே.

செடிக்கு வெளிச்சத்தோடு கரியமில வாயுவும் வேண்டும். காற்றில் பரவுவதைவிட நீரில் அந்த வாயு ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். அதனால் நீருக்குள் வாழும் செடிக்கு வாயுப் பஞ்சம் ஓயாது. வாயு கொடுக்காமல் வெளிச்சத்தை மட்டும் கூட்டினால் செடி திணறும்; பாசி முந்திக்கொள்ளும். கொடுக்க முடிந்த வாயுவுக்கு ஏற்ற வெளிச்சம் போதும்.

தொட்டிக்குள் செடிகளால் இயற்கைக் காட்சி அமைக்கும் கலையை உலகறியச் செய்தவர் ஜப்பானின் தகாஷி அமானோ (1954–2015). அவருடைய தொட்டிகளில் குளோசோஸ்டிக்மா என்ற தரைச்செடி அடர்ந்து படர்ந்தது என்றால், வாயு செலுத்தும் ஏற்பாடும் கூடவே இருந்தது. படத்தைப் பார்த்துச் செடியை மட்டும் வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

வாயு சிலிண்டர் வைக்க முடிந்தால் மான்டி கார்லோ என்ற தரைச்செடியை நடு. முடியாவிட்டால், நம் வயல் ஆரைக்கீரையின் இனமான மார்சிலியாவோ, இலங்கைக்கே உரிய கிரிப்டோகொரைன் பார்வாவோ நல்லது. இவை நிதானமாக வளர்வதால் குறைந்த வாயுவிலும் தாக்குப்பிடிக்கும். தரை மூட மாதக்கணக்காகும், பொறுத்திரு.

சத்துள்ள தொட்டி மண்ணை இரண்டு அங்குலம் பரப்பு. செடியைச் சிறு சிறு கொத்தாகப் பிரித்து, விரல்கடை இடைவெளியில் இடுக்கியால் ஆழ ஊன்று. மான்டி கார்லோவானால் உடனே தண்ணீர் நிரப்ப வேண்டியதில்லை. மண்ணை ஈரமாக வைத்துத் தொட்டியைப் பாலித்தீன் தாளால் மூடி, தினமும் சற்று நேரம் திறந்துவிடு. காற்றில் வாயுவுக்குப் பஞ்சமில்லை. நாலைந்து வாரத்தில் வேர் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பூஞ்சை தலைகாட்டினால் அந்த இடத்துச் செடியை அகற்றிவிடு.

நீர் நிரப்பியதும் சில இலைகள் கரையும். காற்றுக்கென்று வளர்ந்த இலைகள் அவை. நீருக்கேற்ற மெல்லிய இலைகள் புதிதாக வரும். பயந்து பிடுங்கிவிடாதே, கரைந்ததை மட்டும் எடு. விளக்கு தினமும் ஆறு மணி நேரம் எரிந்தால் போதும். சிலிண்டர் இருந்தால் விளக்குக்கு ஒரு மணி நேரம் முன்பே வாயுவைத் திற, இரவில் மூடிவிடு. இரவில் செடிக்கு அது தேவையில்லை. மிஞ்சினால் மீனுக்கு ஆபத்து. புது மண் அம்மோனியா விடும் என்பதால் வாரம் ஒருமுறையாவது பாதித் தண்ணீரை மாற்று. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யமானபின் மீன் விடு.

மான்டி கார்லோ ஓரங்குலம் உயர்ந்ததும் கத்தரித்துவிடு. மேலடுக்கு தடித்தால் அடியில் வெளிச்சம் படாது. அடித்தண்டு அழுகி, விரிப்பு மொத்தமாகப் பெயர்ந்து மிதக்கும்.

சிலிண்டருக்கு அம்மா சம்மதிப்பாளா என்று கேட்டு எழுது. அதைப் பொறுத்து எந்த விளக்கு வாங்கலாம் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
சித்தப்பா