பெட்டியில் இருபதாயிரம், கைக்கு எவ்வளவு?

நம்பிக்கை: பெட்டியில் அச்சிட்ட எண் பெரிதாக இருந்தால் உள்ளே இருக்கும் பொருள் உசத்தி. தேனியிலோ கம்பத்திலோ மொபைல் கடைக்குள் போய் பவர் பேங்க் வேண்டும் என்றால் முதல் கேள்வியே "பத்தாயிரமா, இருபதாயிரமா?" என்பதுதான். போன் என்றால் கேமரா ஐம்பதா, நூற்றெட்டா, இருநூறா. சார்ஜர் எத்தனை வாட். ஸ்பீக்கர் எத்தனை வாட். இதை விற்பவரின் சாமர்த்தியம் என்று மட்டும் தள்ளிவிட முடியாது. வாங்குகிறவரும் அந்த எண்ணைத்தான் கேட்கிறார், பக்கத்து வீட்டுக்காரரிடம் அதைத்தான் சொல்கிறார். பெயருள்ள கம்பெனிகளின் பெட்டியில் அந்த எண் பெரும்பாலும் பொய்யாக இருப்பதில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: அந்த எண் எதை அளக்கிறதோ அது நம் கைக்கு வருவதில்லை.

இந்த வித்தியாசத்தைக் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முல்லைப் பெரியாறு அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 152 அடி. உச்ச நீதிமன்றம் 2014-ல் உறுதிசெய்தபடி தேக்க அனுமதி 142 அடி. நாளிதழில் நீர்மட்டம் 120 அடி என்று போட்டிருந்தால், கூடலூரிலும் உத்தமபாளையத்திலும் நாற்று விட நினைக்கும் விவசாயி 120 அடித் தண்ணீர் வரப்போகிறது என்று எண்ணமாட்டார். 104 அடிக்குக் கீழே கிடக்கும் தண்ணீர் தேக்கடிச் சுரங்கத்தில் ஏறாது. லோயர் கேம்ப் மின் நிலையத்துக்கும் வராது, 14,707 ஏக்கர் இருபோக வயலுக்கும் வராது. எடுக்க முடிந்தது மேலே உள்ள 16 அடிதான். 120 என்ற எண்ணில் எந்தப் பொய்யும் இல்லை. ஆனால் அதை வைத்துப் பாசனக் கணக்குப் போடுபவர் யாரும் இல்லை. அணை விஷயத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கும் நாம், பவர் பேங்க் வாங்கும்போது மட்டும் மொத்த எண்ணையும் அப்படியே நம்பிவிடுகிறோம்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 20,000 எம்ஏஹெச் என்பது உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் கொள்ளளவு. அந்த செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.7 வோல்ட். இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் உள்ளே இருக்கும் மொத்த ஆற்றல் 74 வாட் ஹவர். ஆனால் யுஎஸ்பி வழியாக வெளியே வருவது 5 வோல்ட். 3.7-ஐ 5 ஆக உயர்த்தும் சர்க்யூட் தன் பங்குக்குக் கொஞ்சத்தைச் சூடாக்கி வீணடிக்கும். மீதியை 5 வோல்ட் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய 12,000 முதல் 13,000 எம்ஏஹெச்தான் தேறும். போனுக்குள் போய் அதன் பேட்டரியில் ஏறும்போது இன்னும் கொஞ்சம் கழியும். ஆகவே 5,000 எம்ஏஹெச் போனை நான்கு முறை முழுதாக ஏற்றலாம் என்று மனக்கணக்குப் போட்டவருக்கு இரண்டரை முறைக்குப் பக்கத்தில் கிடைத்தால் அது நல்ல பவர் பேங்க். ஏமாந்துவிட்டோம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. கம்பெனியும் இதை மறைக்கவில்லை. பின்பக்கம், லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டிய எழுத்தில், 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று அந்தச் சின்ன எண்ணும் அச்சாகியிருக்கும். முன்பக்கத்துக்குப் பெரிய எண், பின்பக்கத்துக்குச் சின்ன எண் என்று பிரித்ததில்தான் வியாபாரம் இருக்கிறது. மதுரையிலிருந்து விமானம் ஏறுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்கலாம்: விமான நிறுவனங்கள் பவர் பேங்குக்கு வைத்திருக்கும் வரம்பு எம்ஏஹெச்சில் இல்லை, 100 வாட் ஹவர் என்றுதான் இருக்கிறது. ஆபத்தை எடைபோட வேண்டியவர்கள் அதற்கு உதவும் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

கேமரா விஷயம் இதைவிடச் சுவையானது. 200 மெகாபிக்சல் சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் சுமார் 0.6 மைக்ரோமீட்டர் அகலம்; சிவப்பு ஒளியின் அலைநீளமே ஏறக்குறைய அவ்வளவுதான். அத்தனை சின்னக் குழியில் விழும் வெளிச்சம் கொஞ்சம் என்பதால், வெளிச்சம் குறைந்த இடத்தில் தனித்தனியாக எடுத்தால் படம் புள்ளி புள்ளியாகிவிடும். அதனால் போன் பதினாறு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் வழக்கமாகத் தருகிறது. 108 என்றால் ஒன்பதைச் சேர்த்து 12. 50 என்றால் நான்கைச் சேர்த்து 12.5. பெட்டியில் நான்கு மடங்கு வித்தியாசம், கேலரியில் ஒரே அளவு. ஐபோன் 2015 முதல் 2021 வரை பின்பக்கப் பிரதான கேமராவை 12 மெகாபிக்சலிலேயே வைத்திருந்தது. அந்த ஆண்டுகளில் அதன் படங்கள் மேம்பட்டதற்குக் காரணம் சென்சாரின் அளவும் லென்ஸும் படத்தைச் சீர்செய்யும் மென்பொருளும். கம்பம் பன்னீர் திராட்சைக் கொத்தைப் படமெடுத்து வெளியூர் வியாபாரிக்கு அனுப்புவதை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பார்க்க வேண்டியது பழத்தின் கறுப்பும் அதன்மேல் படிந்திருக்கும் வெளிறிய மாவும். இரண்டையும் காட்டுவது நிறத்தைச் சரியாகப் பிடிக்கும் திறன்; பந்தல் நிழலில் அந்தத் திறன் இல்லாத 200 மெகாபிக்சல், திராட்சையை நீலமாகக் காட்டும். போதாததற்கு, வாட்ஸ்அப் சாதாரண முறையில் அனுப்பும் படத்தைச் சுமார் 2 மெகாபிக்சலுக்குச் சுருக்கிவிடுகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 120 வாட் சார்ஜர் 120 வாட்டைத் தருவது தொடக்கத்தில் சில நிமிடங்கள்தான். பேட்டரி நிரம்ப நிரம்ப அதைக் காக்கவே போன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஸ்பீக்கர் பெட்டிகளில் ஆயிரக்கணக்கில் போடப்படும் பிஎம்பிஓ என்ற கண நேர உச்ச வாட்டுக்கு உலகில் எந்த அளவுத் தரமும் கிடையாது. ஸ்பீக்கரோடு வரும் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால் உள்ளே போவதே 24 வாட். அதற்கு மேல் தொடர்ந்து சத்தமாக மாற எங்கிருந்தும் மின்சாரம் வராது.

எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரிப் பெரிய எண்ணைத்தானே போடுகின்றன, ஒப்பிடவாவது அது உதவாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரே கம்பெனியின் பத்தாயிரத்தையும் இருபதாயிரத்தையும் ஒப்பிட உதவும்; மறுக்கவில்லை. நல்ல வெயிலில், அசையாத காட்சியை எடுத்து அதன் ஒரு மூலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கப் போகிறவருக்கு 200 மெகாபிக்சலும் உதவும். இரண்டு கம்பெனிகளின் பவர் பேங்கை ஒப்பிடும்போதுதான் பெட்டியின் எண் கைவிடுகிறது, ஏனெனில் ஒருவரின் சர்க்யூட் வீணடிப்பது குறைவு, இன்னொருவருடையது அதிகம். இணையத்தில் மலிவு விலையில் வரும் 50,000 எம்ஏஹெச் சட்டைப்பை பவர் பேங்குகளிடம் வந்தால் எண்ணின் நேர்மையே போய்விடுகிறது. இன்றைய லித்தியம் செல் ஒரு கிலோவில் தருவது சுமார் 250 வாட் ஹவர். 50,000 என்றால் 185 வாட் ஹவர். செல் மட்டுமே முக்கால் கிலோ அளவுக்கு இருக்க வேண்டும். இருபதாயிரமே 300 கிராமுக்குக் குறையக் கூடாது. மளிகைக்கடைத் தராசு போதும் இந்தப் பொய்யைப் பிடிக்க, பெட்டிக்குள் வேறெதையும் அடைத்துக் கனம் கூட்டாதவரை.

கடையில் நின்றுகொண்டு பெருக்கல் கணக்கா போட முடியும் என்பது அடுத்த ஆட்சேபம். போட வேண்டாம், திருப்பிப் பார்த்தால் போதும். மத்திய அரசின் 2012 ஆணையில் தொடங்கிய கட்டாயப் பதிவுப் பட்டியலில் பவர் பேங்க், போன், அடாப்டர் எல்லாம் இருக்கின்றன. பொருளின்மீது பிஐஎஸ் எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால் எந்தக் கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டது என்று வந்துவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அந்த முத்திரை பாதுகாப்புக்கானது, பெட்டியில் போட்ட கொள்ளளவுக்கு அது ஜாமீன் நிற்பதில்லை. கொள்ளளவுக்குச் சாட்சி ரேட்டட் கெப்பாசிட்டியும், டபிள்யூ, ஹெச் என்ற இரண்டு எழுத்துகளோடு வரும் வாட் ஹவர் எண்ணும்தான். இவை அச்சிடப்படாத பவர் பேங்கை, பாதி விலைக்குக் கொடுத்தாலும், வாங்காதீர்கள்.