இறைவன் பெயரால் ஒரு வெள்ளிக்காசு

2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் 505 பொற்காசுகள் கொண்ட பாத்திரம் ஒன்று மண்ணிலிருந்து கிடைத்தது. கோயிலில் காசு இருந்தது சரி. கோயில் காசு அடித்ததுண்டா? திருவரங்கக் கல்வெட்டுகள் பொன்னும் காசும் கொடையாக வந்ததைக் கூறுகின்றன. ஆனால் காசு அடிப்பது அரசின் உரிமையாகவே கருதப்பட்டது. அரங்கன் காசு பெற்றான், அக்கசாலை நடத்தவில்லை.

செருமானிய நாடுகளில் நிலைமை வேறு. மைன்ஸ், கொலோன், டிரியர் ஆகிய நகரங்களின் பேராயர்கள் சமயத் தலைவர்கள் மட்டுமல்லர், நாடாண்டவர்கள். பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவர்களுக்கு இருந்தது. அத்தகைய ஆயர்கள் 'தாலர்' என்னும் பெரிய வெள்ளி நாணயங்களைத் தம் பெயரில் வெளியிட்டனர். ஆயரின் கோலும் அரசரின் வாளும் அவர்தம் சின்னத்தில் இணைந்து நின்றன. ஆயர் பதவி காலியானபோது குருமார் பேரவையே நாணயம் அடித்ததும் உண்டு. 1803இல் இவ்வாட்சிகள் பெரும்பாலும் முடிவுற்றன.

நம் பக்கத்தில் இதற்கு நெருங்கியது திருவிதாங்கூர். அரங்கனைப் போன்றே பள்ளிகொண்ட பெருமாள் பத்மநாபர். 1750 சனவரி 3இல் மன்னர் மார்த்தாண்ட வர்மா நாட்டையே அவருக்கு அர்ப்பணித்து, 'பத்மநாபதாசர்' என்னும் பெயருடன் ஆண்டார். இது பக்தி மட்டும்தானா? கோயில் நிர்வாகிகளையும் பிரபுக்களையும் அடக்கி, அண்டை நாடுகளை வென்றவர் அவர். இனி மன்னரை எதிர்ப்பது இறைவனை எதிர்ப்பதாகும் என்ற அரசியல் பயனும் இதில் இருந்தது எனலாம்.

அந்நாட்டின் வெள்ளிச் சக்கரம் அரை கிராம்கூட இராது. விரலால் எண்ண இயலாமல், குழிகளுள்ள பலகையில் பரப்பி எண்ணினர். 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிற்கால வெள்ளி அரை ரூபாயிலும் கால் ரூபாயிலும் திருமாலின் சங்கு பொறிக்கப்பட்டது. 1949இல் திருவிதாங்கூர் கொச்சியுடன் இணைந்தது. 1956இல் தமிழகத்துடன் சேர்ந்த கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகளில் ஒரு காலத்தில் வழங்கியவை இக்காசுகளே.

அங்கே குரு அரசரானார். இங்கே அரசர் இறைவனின் ஊழியரானார். இரண்டையும் நமக்குச் சொல்வது உள்ளங்கையளவு வெள்ளிதான். நாகர்கோயில் பக்கத்து நண்பர்கள் வீட்டுப் பெட்டியில் சங்குக் காசு ஏதேனும் இருக்கலாம். கொலுசுக்காக அதை உருக்கினால் கிடைப்பது சில கிராம் வெள்ளி. போவதோ திரும்பக் கிடைக்காத ஒரு சான்று. மாணவ நண்பர்களே, உருக்குமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள்!