கம்பி போனது, கோபுரம் வந்தது



அவிநாசிபாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கறுப்புத் தொலைபேசி இருந்தது. அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனிக்குச் சென்றால் இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புவர். நான் பள்ளியிலிருந்து வரும்வரை அப்பத்தா தனியே இருப்பார். கைப்பேசியின் சிறிய எழுத்துகள் அவர் கண்ணுக்குத் தெரியா. ஆகவே அந்தக் கறுப்புப் பெட்டியே அவருக்குத் துணை.

சென்ற ஆண்டு சாலை தோண்டியபோது கம்பி அறுந்தது. அதையறியாத அப்பத்தா, ஒரு மாலை நெஞ்சு படபடக்கவே ரிசீவரை எடுத்தார், ஓசையே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா தற்செயலாக வந்ததால் நல்லதாயிற்று. மறுவாரமே அப்பா சிம் கார்டு போடும் வீட்டுத் தொலைபேசி ஒன்றை வாங்கினார். அதைப் பற்றி நான் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876-இல். ஆறே ஆண்டுகளில், 1882-இல், கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் இணைப்பகங்கள் தோன்றின. ஆனால் கிராமங்களுக்குத் தொலைபேசி வர நெடுங்காலம் ஆயிற்று. காரணம் என்ன? இணைப்பகத்திலிருந்து ஒவ்வொரு வீட்டிற்கும் செப்புக் கம்பி இழுக்க வேண்டும். அதற்கான செலவு மிக அதிகம்.

இக்குறையைப் போக்க முனைந்தவர்களுள் நம் தமிழ்நாட்டவரும் உண்டு என்பது பெருமைக்குரியது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 1990-களில் 'கார்டெக்ட்' என்னும் கம்பியில்லா முறையை உருவாக்கினர். கூரைமேல் ஆன்டெனா வைத்தால், தடையற்ற வெளியில் சுமார் 10 கிலோமீட்டர் வரை இணைப்புக் கிடைக்கும். மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதிக் கிராமங்களுக்கு இணையம் சென்றதும் இம்முறையால்தான். பின்னர் சி.டி.எம்.ஏ. முறையில் இயங்கிய வீட்டுத் தொலைபேசிகள் வந்தன. அவையும் மறைந்து, இன்று கைப்பேசிக் கோபுரமே வீட்டுத் தொலைபேசிக்கும் இணைப்பகமாகிவிட்டது.

பெரிய பொத்தான், உரத்த மணி, பழைய உருவம்: அப்பத்தாவுக்கு மகிழ்ச்சி. எனக்கு மட்டும் ஓர் ஐயம். மின்சாரம் நின்றால் என்ன ஆகும்?

பழைய தொலைபேசிக்கு வீட்டு மின்சாரம் தேவையில்லை. இணைப்பகத்திலுள்ள மின்கல அடுக்கிலிருந்து 48 வோல்ட் நேர்த்திசை மின்னோட்டம் அதே கம்பி வழியே வந்துவிடும். ஊரே இருண்டாலும் அது பேசும். புதியதோ வீட்டு மின்சாரத்தாலும் உள்ளிருக்கும் பாட்டரியாலும் இயங்குவது. ஒரு ஞாயிறன்று பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு மணி நேரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. சற்று நேரத்தில் அணைந்தது. அப்பாவிடம் காட்டினேன். அன்றே பாட்டரியை மாற்றினார். தொலைபேசியை இன்வெர்ட்டரோடும் இணைத்தார்.

நீங்களும் மாற்ற எண்ணினால் இவற்றை மறவாதீர்கள்:

முதலாவது, 4ஜி அலைவரிசையில் பேசக்கூடிய பெட்டியா என்று கேளுங்கள். பழைய முறைகள் வழக்கொழிந்தால் கருவியும் வீணாகும். சிலவகைப் பெட்டிகளில் பழைய தொலைபேசியையே செருகிக்கொள்ளலாம்.

இரண்டாவது, அதைச் சன்னலோரம் வையுங்கள். தகரக் கூரையும் இரும்புக் கம்பி பதித்த கான்கிரீட்டும் அலைகளைத் தடுக்கும்.

மூன்றாவது, பழைய எண்ணைக் கொண்டுசெல்ல இயலாது. 2011-இல் நாடெங்கும் வந்த எண் மாற்றா வசதி கைப்பேசி எண்களுக்கே உரியது. ஆகவே உறவினர்க்கும் வேலை தருவோர்க்கும் புதிய எண்ணை முன்னதாகவே தெரிவியுங்கள்.

நான்காவது, மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிப் பாட்டரியைச் சோதியுங்கள்.

இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு எங்கள் வீட்டில் சோதனை நாள். நான் பிளக்கைப் பிடுங்குவேன். அப்பத்தா தாமே என் அத்தையின் எண்ணை அழுத்திப் பேசுவார். "கம்பி இல்லாமயே கேக்குது கண்ணு!" என்று ஒவ்வொரு முறையும் வியப்பார்.

புதியதை வரவேற்போம், தோழியரே! பழையது நமக்குச் சொல்லாமலே செய்துவந்த உதவி யாது என்பதை அறிந்து, அதற்கும் வழிசெய்துவிட்டு வரவேற்போம்.