கடும் நோயுற்ற கினிப்பன்றியைப் பேணல்: மிருக வைத்தியர் கருத்து வேறுபடும்போது செய்ய வேண்டுவன

கினிப்பன்றி என வழங்கும் பிராணி பன்றி இனத்தைச் சேர்ந்ததன்று. ஆபிரிக்காவின் கினிக் கரையோடும் அதற்குத் தொடர்பில்லை. தென் அமெரிக்காவின் அந்தீசு மலைநாட்டில், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இறைச்சிக்காகப் பழக்கப்பட்ட கொறிவிலங்கு அது. இன்று உலகின் பல நாடுகளில் வீட்டுப் பிராணியாகவும் வளர்க்கப்படுகின்றது. உருவிற் சிறிதாயினும், நோயுற்ற காலத்தில் அதனைப் பேணுதல் மாட்டையும் ஆட்டையும் பேணுவதினும் கடினமாகும். பசு ஒரு நாள் தீன் தின்னாவிடின் வளர்ப்போர் கவலையுறுவர். கினிப்பன்றி ஒரு நாள் தின்னாவிடின் அதன் உயிரே ஐயத்துக்கிடமாகும்.

இத்துண்டுப்பிரசுரம் கினிப்பன்றியின் நோய்கள் யாவற்றையும் விவரிக்க எழுந்ததன்று. இரு மிருக வைத்தியர்கள் இரு வேறு ஆலோசனை கூறுமிடத்து வளர்ப்போர் செய்ய வேண்டுவது யாது என்பதே இதன் பொருள்.

ஓர் எடுத்துக்காட்டு

திகன, கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியில், குண்டசாலைப் பிரதேச செயலாளர் பிரிவில் உள்ளது. இத்தகைய பகுதிகளில் அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்தின் நாளாந்த வேலை பெரும்பாலும் பசு, எருமை, ஆடு, கோழி ஆகியவற்றைப் பற்றியது. தனியார் வைத்தியரிடம் கொண்டுவரப்படுவன பெரும்பாலும் நாயும் பூனையுமே. பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலையோ கண்டி நகரைக் கடந்து மேற்றிசையில் அமைந்துள்ளது.

இங்கு வாழும் ஒரு குடும்பத்தாரின் மூன்று வயதுக் கினிப்பன்றி, தீனை வெறுத்து, வாயில் உமிழ்நீர் வடிய, கூட்டின் மூலையில் ஒடுங்கியிருக்கின்றது எனக் கொள்க. முதலாம் வைத்தியர், கடைவாய்ப் பற்கள் மிகையாக வளர்ந்துள்ளன, மயக்கமருந்து கொடுத்து அவற்றை அராவ வேண்டும் என்கின்றார். இரண்டாமவர், இந்நிலையில் மயக்கமருந்து கொடுப்பின் பிராணி பிழையாது என்கின்றார். அயல் வீட்டாரோ, தம் பிள்ளைக்கு வாங்கி எஞ்சிய அமொக்சிசிலின் பாணியிற் சிறிது பருக்கினாற் சுகமாகிவிடும் என்கின்றார். பிராணியை மடியில் வைத்திருக்கும் பிள்ளை அழுதுகொண்டிருக்கின்றது. வீட்டார் எவர் சொற் கேட்பது?

கருத்து ஏன் வேறுபடுகின்றது

வைத்தியர் இருவர் வேறுபடின் அவருள் ஒருவர் அறியாதவர் என முடிவு செய்தல் தவறு. கினிப்பன்றி பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி. நோயை மறைத்தல் அதன் இயல்பு. மறைக்க இயலாத நிலை வந்த பின்னரே அது ஒடுங்கி உட்காரும். பற்கோளாறு, விற்றமின் குறைவு, நுரையீரல் அழற்சி, சிறுநீர்க்கல் ஆகிய யாவற்றிலும் வீட்டார் காணும் முதற் குறி தின்னாமை ஒன்றே. அவ்வொரு குறியிலிருந்து இருவர் இரு முடிவுக்கு வருதல் வியப்பன்று. மேலும், திங்கட்கிழமை காலையிற் பார்த்தவரும் புதன்கிழமை மாலையிற் பார்த்தவரும் கண்டது ஒரே பிராணியாயினும் ஒரே நிலையன்று.

வீட்டாரின் குறையும் இதில் உண்டு. முதலாமவர் ஏற்றிய ஊசி யாதென இரண்டாமவர் வினவும்போது, “ஏதோ ஒரு வெள்ளை மருந்து” என விடை கூறுவோர் பலர். மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம் ஆகியவற்றை முதலாம் வைத்தியரிடமே ஒரு தாளில் எழுதிப் பெறுதல் வேண்டும். இவ்வொரு தாள் பல முரண்பாடுகளைத் தோன்றாமலே தடுத்துவிடும்.

இவற்றினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. பிற பிராணிகளுக்கு நன்மை செய்யும் மருந்து கினிப்பன்றிக்கு நஞ்சாகலாம். 1940ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள், ஒக்சுபோட் நகரில் புளோரி என்பாரும் அவர்தம் துணைவரும் எட்டுச் சுண்டெலிகளுக்குக் கொடிய பற்றீரியாவை ஏற்றி, அவற்றுள் நான்கிற்கு மாத்திரம் பெனிசிலின் கொடுத்தனர். மருந்து பெறாத நான்கும் மறுநாள் விடியுமுன் இறந்தன. பெனிசிலினின் புகழ் அங்கிருந்தே தொடங்கியது. 1943ஆம் ஆண்டிலோ, அதே மருந்து கினிப்பன்றிகளைக் கொல்வதாக அறியப்பட்டது. அன்று ஒக்சுபோட்டில் சுண்டெலிக்குப் பதிலாகக் கினிப்பன்றி சோதிக்கப்பட்டிருப்பின், அம்மருந்து நச்சு மருந்தெனத் தள்ளப்பட்டிருத்தலும் கூடும்.

இதன் காரணம் பிராணியின் குடலில் உள்ளது. கினிப்பன்றி உண்ணும் புல், பெருங்குடலின் தொடக்கத்திலுள்ள பெரிய குருட்டுக்குடலில், நன்மை செய்யும் பற்றீரியாக்களாற் புளிக்கச் செய்யப்பட்டே சத்தாகின்றது. பெனிசிலின் இனத்து மருந்துகள் அப்பற்றீரியாக்களை அழித்துவிட, மருந்துக்கு மசியாத வேறு பற்றீரியாக்கள் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. கழிச்சல் கண்டு, சில நாட்களிற் பிராணி இறக்கும். மருந்து கொடுத்த மறுநாள் பிராணி தெளிந்தது போலத் தோன்றலாமாதலால், இறப்பின் காரணத்தை வீட்டார் உணர்வதுமில்லை.

எவரும் மறுக்காத பணிகள்

வைத்தியர் கருத்து எவ்வாறு வேறுபடினும் சில பணிகளை ஒருவரும் மறுப்பதில்லை. முடிவெடுக்கக் காத்திருக்கும் பொழுதில் வளர்ப்போர் செய்ய வேண்டுவன இவையே. பல கினிப்பன்றிகள் நோயினால் அன்றி, நோயைத் தீர்மானிக்கும் வரை பட்டினி கிடந்தே இறக்கின்றன.

முதலாவது, நிறுத்தல். நாள்தோறும் ஒரே நேரத்தில், சமையலறைத் தராசில் ஒரு பெட்டியை வைத்து அதில் நிறுத்து, கிராம் கணக்கில் எழுதி வருக. முழு வளர்ச்சியுற்ற கினிப்பன்றி ஏறத்தாழ 700 முதல் 1,200 கிராம் வரை நிறையுள்ளது. நிறையிற் பத்திலொரு பங்கு குறைந்திருப்பின் நிலைமை கடுமையானதெனக் கொள்க. கண்ணுக்கு நலமாகத் தோன்றும் பிராணியைத் தராசு காட்டிக் கொடுத்துவிடும்.

இரண்டாவது, ஊட்டுதல். உலர்ந்த புல்லை இடித்துச் சலித்த தூளையோ, முயலுக்கு விற்கப்படும் குளிகைத் தீனையோ இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்துக் கூழாக்குக. ஊசி கழற்றிய சிறிஞ்சில் அதனை ஏற்றி, முன்பற்களுக்குப் பின்னுள்ள இடைவெளியில், வாயின் பக்கவாட்டிலிருந்து, ஒரு தடவைக்கு அரை மில்லிலீற்றர் அளவாகச் செலுத்துக. பிராணி மென்று விழுங்கிய பின்னரே அடுத்தது. மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டுதல் கூடாது. கூழ் நுரையீரலிற் புகும். ஒரு கிலோகிராம் நிறைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லிலீற்றர் வரை, ஐந்து அல்லது ஆறு வேளையாகப் பங்கிடுதல் நன்று; நள்ளிரவில் ஒரு வேளையும் தவறலாகாது. வயிறு மத்தளம்போல உப்பியிருப்பின் மாத்திரம் ஊட்டுதலை நிறுத்தி, உடனே வைத்தியரிடம் கொண்டு செல்லல் வேண்டும். கோழிக்குஞ்சுத் தீனைக் கரைத்து ஊட்டுவோருமுளர். அதிற் கலந்திருக்கக்கூடிய மருந்துகள் கினிப்பன்றிக்கு ஆகா. பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கும் அதற்குக் கொடிய நஞ்சு.

மூன்றாவது, விற்றமின் சி. மனிதரைப் போலவே கினிப்பன்றியும் இச்சத்தைத் தன்னுடலில் ஆக்கிக்கொள்ள இயலாதது. 1907ஆம் ஆண்டில் நோர்வே நாட்டு ஆய்வாளரான ஒல்சுற், புரோலிக் என்போர் வேறொரு நோயை ஆராயும் நோக்குடன் கினிப்பன்றிகளுக்குத் தானியத்தை மாத்திரம் கொடுத்து வர, அவற்றுக்கு மாலுமிகளைப் பீடித்த சொறிகரப்பான் நோய் கண்டது. நலமான பிராணிக்குக் கிலோகிராமுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை நாள்தோறும் தேவை. நோயுற்றதற்கு 50 மில்லிகிராம் வரை வேண்டப்படும். மருந்துக்கடையில் விற்கும் 100 மில்லிகிராம் வில்லையிற் பாதியைப் பொடித்துக் கூழிற் கலந்தால் அது கிடைக்கும். குடிநீரிற் கரைத்து வைத்தல் பயன் தராது. சத்து விரைவிற் கெடும். பல விற்றமின்கள் சேர்ந்த வில்லையையும் தவிர்க்க. தின்னும் பிராணிக்குக் கொய்யாப்பழத் துண்டு மிகச் சிறந்தது. முருங்கையிலை பற்றி வைத்தியருள்ளும் வளர்ப்போருள்ளும் இரு கருத்து உண்டு: சத்து மிக்கதென ஒருவர் கூற, கல்சியம் மிகுந்ததாதலாற் சிறுநீர்க்கல்லுக்கு ஏதுவாகுமென மற்றவர் கூறுவர். இரண்டும் மெய்யே. கல் கண்ட பிராணிக்கு விலக்கி, ஏனையவற்றுக்கு இடையிடையே சிறிதளவு கொடுக்கலாம்.

திகனப் பக்கத்தில் தழைத்து வளரும் கினிப்புல் நலமான பிராணிக்கு நல்ல தீன். வீதியோரப் புல்லில் நாயின் சிறுநீரும் களைநாசினியும் பட்டிருக்கலாமாகையால், அறிந்த இடத்துப் புல்லையே அறுத்துக் கழுவிப் போடுக.

வேறுபாடுகளைத் தீர்க்கும் வகை

இனி, மேற்கூறிய குடும்பத்தின் நிலைக்கு வருவோர், அங்கு மூன்று ஆலோசனைகள் இருத்தலைக் காண்பர். அயல் வீட்டாரின் ஆலோசனையை ஆராய வேண்டியதே இல்லை. அமொக்சிசிலின், அம்பிசிலின், வாய்வழிப் பெனிசிலின், எரித்திரோமைசின், கிளின்டமைசின், லின்கோமைசின் ஆகியவற்றைக் கினிப்பன்றிக்குப் பருக்குதல் கூடாது. வைத்தியர் ஒருவரே அவற்றை எழுதித் தரினும், “இது கினிப்பன்றியின் குடலுக்குப் பொருந்துமா?” எனப் பணிவுடன் வினவுதல் வளர்ப்போரின் உரிமை. நாளொன்றுக்கு நாற்பது நாய்களைப் பார்க்கும் வைத்தியர் அவ்வினாவாற் சினங்கொள்ளார். திரைமெத்தோபிறிம் சேர்ந்த சல்பா மருந்து, என்றோபுளொக்சசின் முதலியன வைத்தியர் அளவறிந்து கொடுக்கத்தக்கவை.

வைத்தியர் இருவரின் முரண்பாடு வேறு வகையினது. கினிப்பன்றியின் பற்கள் இருபதும் வாழ்நாள் முழுதும் வளர்வன. கடைவாய்ப் பற்கள் தேயாது வளைந்து நாவின்மேற் பாலம்போற் படியின் பிராணி விழுங்க இயலாது. முன்பல்லைக் கத்தரிப்பதனால் இது தீராது. ஆகவே முதலாமவர் கூறியது மெய். மெலிந்து, நீர்வற்றி, உடல் குளிர்ந்த பிராணிக்கு மயக்கமருந்து ஆபத்தானது என இரண்டாமவர் கூறியதும் மெய். ஒருவர் செய்ய வேண்டுவதைக் கூறினார். மற்றவர் இன்று செய்யலாகாதென்றார். சில நாட்கள் கூழும் நீரும் வலிநீக்கியும் கொடுத்து, நிறை இறங்காது நிலைத்த பின்னர் பல்லை அராவின் இருவர் சொல்லும் நிறைவேறும். நோயாளியைச் சூழ்ந்த முரண்பாடுகளிற் பல இத்தகைய முந்துபிந்து முரண்பாடுகளே. “இன்று செய்ய வேண்டுவது எது, பிராணி தேறிய பின் செய்ய வேண்டுவது எது?” என ஒவ்வொருவரிடமும் கேட்பின் அவை அவிழும்.

எவ்வாறாயினும், இருவரின் மருந்துகளையும் ஒருங்கே கொடுத்தல் பெருந்தவறு. ஒருவரைப் பொறுப்பு வைத்தியராகத் தெரிந்து, மற்றவர் கூறியதை அவரிடம் மறைக்காது தெரிவித்து, அவர் வகுத்தபடி நடத்தல் வேண்டும். கினிப்பன்றியை நேரிற் பலமுறை பார்த்தவரையும், வாயினுட் கருவி செலுத்திப் பார்த்த பின்னர் பேசியவரையும் முதன்மையாகக் கருதுதல் தகும். ஐயம் தீராவிடின், போதனா வைத்தியசாலை போன்ற இடத்தில் மூன்றாவது கருத்தைப் பெறலாம்.

திகனவிலிருந்து பேராதனைக்குச் செல்லும் பயணமே நோயுற்ற பிராணிக்கு ஒரு சோதனை. 30 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் கினிப்பன்றியைக் கொல்லக்கூடும். ஆதலின் விடியற்காலையிற் புறப்படுக. காற்றோட்டமுள்ள பெட்டியில் புல்லைப் பரப்பி, மெல்லிய துணியால் மூடி, வெயில் படாத பக்கத்தில் வைத்துக்கொள்க. நிறை எழுதிய தாளும், மருந்துகளின் பெயரும், முன்னிரவுப் புழுக்கைகள் மடித்த காகிதமும் உடன் செல்லல் வேண்டும்.

மூன்றாம் வகை முரண்பாடு ஒன்றுண்டு. அதனைக் கேள்வியால் அவிழ்க்க இயலாது. இனித் துன்புறுத்தாது வலியின்றி உயிர்நீக்குதலே நன்றென ஒருவரும், இன்னும் முயலலாமென மற்றவரும் கூறும் நிலை அது. இந்நாட்டிற் பலர் சமய உணர்வினால் உயிர்நீக்கத்துக்கு உடன்படார். அவர்கள் வலிநீக்கியைத் தொடர்ந்து பெறும் பொறுப்பினின்றும் விலகலாகாது. முடிவு வீட்டாருடையது. அதற்குத் துணையாவன சில: ஊட்டியும் நிறை இறங்கிக்கொண்டே செல்கின்றதா, பிராணி தானே ஒரு புல்லையேனும் கடிக்கின்றதா, வீட்டாரின் குரலுக்கு முகமெடுக்கின்றதா, மூச்சு வாங்குகின்றதா, தொடும்போது பற்களை நெருடுகின்றதா. ஒரு வாரத் தாளைப் படித்துப் பார்த்தால், கண்ணீரால் மங்கிய பார்வைக்குத் தெரியாதது எழுத்திலே தெரியும்.

பிராணி இறப்பின், காரணம் அறிய விரும்புவோர் உடலை உறையவைக்காது பனிக்கட்டியின் நடுவில் வைத்து, அன்றே வைத்தியரிடம் சேர்ப்பித்து, அறுத்துச் சோதிக்க இயலுமா எனக் கேட்டறிக. எஞ்சிய துணைப் பிராணி இருப்பின், கூட்டைக் கழுவி வெயிலில் உலர்த்தி, இரு வாரம் வரை அதனையும் நாள்தோறும் நிறுத்து வருக.