மேற்கே ஓர் அரங்கம் வேண்டுமென்றால்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றுக்கும் பொதுவாக ஒரு கலையரங்கம் வேண்டும் என்று கையெழுத்து வாங்கக் கிளம்பியிருக்கிற தம்பி, தங்கைகளுக்கு.

நீங்கள் கேட்பது நியாயம். இந்தப் பக்கம் சைக்கிள் செய்தார்கள், டேங்க் செய்தார்கள். 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை, அதாவது எஸ்டேட், வந்தபிறகு செய்யாத உதிரிப் பாகமே இல்லை. ஆனால் ஒரு நல்ல நாடகம் பார்க்க மயிலாப்பூருக்கோ தி.நகருக்கோதான் போகிறோம். கடைசிக் காட்சி முடிவதற்குள் எழுந்து ரயிலைப் பிடிக்க ஓடுகிறோம். வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. எப்படிக் கேட்பது என்பதில்தான் சில வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

1. முதலில் ஆட்களைச் சேருங்கள், செங்கல்லை அப்புறம் பார்க்கலாம். மியூசிக் அகாடமி 1928-இல் தொடங்கியது. இப்போதிருக்கும் அரங்கம் திறந்தது 1962-இல். நாரத கான சபா 1958-இல் பிறந்தது, அதற்குச் சொந்த அரங்கம் 1988-இல்தான். நடுவில் அவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. கிடைத்த இடத்தில் கச்சேரி வைத்து, சந்தா வாங்கி, ரசிகர்களைச் சேர்த்தார்கள். நீங்களும் மாதம் ஒரு நிகழ்ச்சி நடத்துங்கள். பள்ளிக்கூட வளாகமோ, கோயில் மண்டபமோ, சர்ச் ஹாலோ போதும். ஆனால் கிழமையும் நேரமும் மாறக் கூடாது. ஞாயிறு மாலை ஐந்தரைக்கு ஆரம்பித்து எட்டுக்குள் முடித்துவிடுங்கள். திங்கட்கிழமை காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவன் வரவேண்டுமென்றால் இதுதான் வழி. சிறப்பு விருந்தினர் ஏழு மணிக்கு வந்தால், பாதியில் மேடையேற்றாதீர்கள்; அவரும் பாயில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

2. இங்கே கலையே இல்லை என்று மட்டும் மனுவில் எழுதிவிடாதீர்கள். அது பொய், கேட்பவனுக்கும் கோபம் வரும். யார் யார் ஏற்கெனவே ஆடுகிறார்கள், பாடுகிறார்கள் என்று வார்டு வார்டாகக் கணக்கெடுங்கள். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டுப் பரதம் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் இருப்பார். சாவுக்கும் திருவிழாவுக்கும் பறையடிக்கிற பையன்கள், தேவாலயப் பாடகர் குழு, ஆடியில் அம்மன் கோயிலுக்கு வந்து விடியவிடிய ஆடுகிற கூத்து ஜமா, ஐயப்பன் பூஜைக்குச் செண்டை கொட்டுகிற மலையாளிகள் எல்லாரும் இருக்கிறார்கள். ஆவடியில் பாதுகாப்புத் துறை ஆலைகளும் சி.ஆர்.பி.எஃப். முகாமும் இருப்பதால் எல்லா மாநிலத்து ஆட்களும் உண்டு. எஸ்டேட்டில் பீகார், ஒடிசா பிள்ளைகள் அறைக்கு ஆறு பேராகத் தங்கி, ராத்திரியில் ஒரு டோலக்கை வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். அவர்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். ஆயுத பூஜையன்று எஸ்டேட்டைச் சுற்றி வாருங்கள். லேத்துக்குச் சந்தனம் வைத்து, பொரி பொட்டலம் கொடுத்து முடித்ததும், எண்ணெய்க் கறை போகாத விரல்களில் மைக்கைப் பிடித்து டி.எம்.எஸ். குரலில் பாடுகிற ஃபிட்டர் ஒருவர் நிச்சயம் கிடைப்பார். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரியிடம் பேசுங்கள்.

3. பட்டியலில் இருப்பவர்களிடமே எப்படிப்பட்ட இடம் வேண்டும் என்று கேளுங்கள். உயரமான மேடை, சிவப்புத் திரை, எதிரே வரிசையாக நாற்காலி என்று நாமே முடிவு கட்டக் கூடாது. கூத்து தரையில் ஆடுவது, மூன்று பக்கமும் சனம் உட்காரும். பரதம் ஆடுகிற பெண்ணைக் கேட்டால், கிரானைட் தரையில் தட்டித் தட்டி முட்டி போய்விட்டது, மரத்தரை வேண்டும் என்பாள். பறைக்கு எதிரொலிக்காத சுவர் வேண்டும். நாடகக்காரர் ஒப்பனை அறையில் இரண்டு கண்ணாடியும், கதவுக்கு உள்தாழ்ப்பாளும் கேட்பார். என்னைக் கேட்டால், ஆயிரத்தைந்நூறு இருக்கை கனவே வேண்டாம். முந்நூறு இருக்கை உள்ளே, வெளியே ஒரு திறந்தவெளி ஆட்டக்களம், ஒத்திகைக்கு இரண்டு அறை இருந்தால் போதும். மாதம் முழுக்க நிறைகிற சின்ன அரங்கம்தான் நிலைக்கும்.

4. கழிப்பறையைப் பற்றி முதல் கூட்டத்திலேயே பேசுங்கள், குறிப்பாகப் பெண்களுக்கு.

5. எல்லைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி நகராட்சி. அம்பத்தூர் சென்னை மாவட்டத்துக்குப் போய்விட்டது, மற்ற இரண்டும் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன. ஒரே மனுவை நகலெடுத்து மூன்று அலுவலகத்திலும் கொடுத்தால், மூவரும் ‘இது எங்கள் எல்லையில் வராது’ என்று திருப்பிவிடுவார்கள். எந்த ஊரில் அரங்கம் என்பதை முதலில் உங்களுக்குள் சண்டை போட்டு முடித்துக்கொண்டு, பிறகு ஒரே வாசலில் போய் நில்லுங்கள்.

6. எதிர்ப்பவர்களை விரோதியாக நினைக்காதீர்கள். வீடு வீடாகப் போகும்போது ஓர் அம்மா கதவைப் பாதி திறந்து, “குடிதண்ணி வரல, பாதாளச் சாக்கடைக்குத் தோண்டின பள்ளத்தை மூடல, உங்களுக்கு ஆட்டம் போட மண்டபமா?” என்று கேட்பார். கலையின் மேன்மையைப் பற்றி அவரிடம் பிரசங்கம் செய்யாதீர்கள். பள்ளத்தைப் போய்ப் பாருங்கள், அதற்கும் ஒரு மனு எழுதிக் கொடுங்கள், வார்டு மக்கள் கூடிப் பேசுகிற ஏரியா சபையில் அவரோடு போய் உட்காருங்கள். அவருடைய பேத்தி எங்கே ஆடக் கற்றுக்கொள்கிறாள் என்று மூன்றாம் தடவை போகும்போது கேட்டால் போதும். பக்கத்துத் தெருக்காரர்கள் வண்டி நிறுத்தம், சத்தம் இரண்டையும் சொல்வார்கள். இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம்; அதை நீங்களே முந்திக்கொண்டு எழுத்தில் உறுதி கொடுங்கள்.

7. ஏரியில் இடம் கேட்காதீர்கள். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம், பருத்திப்பட்டு என்று சுற்றிலும் நீர்நிலை. ‘சும்மாதானே கிடக்கிறது அந்தப் புறம்போக்கு’ என்று யாராவது காட்டுவார்கள். 2015 டிசம்பரிலும், 2023 மிக்ஜாம் புயலிலும் இந்தப் பக்கம் தண்ணீர் எங்கே நின்றது என்பதை அங்கே குடியிருப்பவர்களிடம் கேட்டு, சுவரில் இருக்கும் கறையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். லே-அவுட்டில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடமும் வேண்டாம். நாளைக்கு வழக்குப் போட்டால் தோற்பது நீங்கள்தான்.

8. பணம். பெரிய மனிதர் ஒருவர் மொத்தமும் தருகிறேன் என்றால் கும்பிடு போட்டுவிட்டு, ஒரு பகுதியை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். முழுவதையும் வாங்கினால் சாவியும் அவரிடம் போய்விடும். சென்ட்ரல் பக்கத்தில் நிற்கிற விக்டோரியா பப்ளிக் ஹால், 1883-இல் அடிக்கல் போட்டுப் பொதுமக்கள் நன்கொடையில் எழுந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்ட இடம் அது. அரசிடம் ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. பொதுவான வேலைகளுக்கு மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். முப்பது லட்சத்தில் கூரை போட்ட ஒரு மேடை என்றால் உங்கள் பங்கு பத்து லட்சம். ஆயிரம் குடும்பம், தலைக்கு ஆயிரம் ரூபாய். மாதம் நூறாகக்கூட வாங்கலாம், ரசீது மட்டும் தவறக் கூடாது. வரவு செலவை மாதாமாதம் நிகழ்ச்சி நடக்கிற வாசலில் ஒட்டுங்கள். சட்டமன்ற உறுப்பினருக்கும் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி நிதி உண்டு. ஆயிரம் குடும்பத்தின் ரசீதுப் புத்தகத்தோடு போகிறவர்களை அவரால் லேசில் திருப்பி அனுப்ப முடியாது.

9. கட்டி முடித்ததும் வரப்போகிற ஆபத்து, முகூர்த்த நாள். சமுதாயக் கூடங்கள் பல, கல்யாண மண்டபமாகவே ஆகிவிட்டதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். பரதம் அரங்கேறும் மேடையில் முந்தின நாள் சாம்பார் அண்டாவின் வட்டக் கறை இருக்கும். வாடகை வருமானம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கரண்ட் பில்லையும் ஜெனரேட்டர் டீசலையும் யாராவது கட்டத்தானே வேண்டும்? ஆனால் மாதத்தில் எத்தனை நாள் கலைக்கு, எத்தனை நாள் மற்றதற்கு, உள்ளூர்க் குழுவுக்கு என்ன வாடகை என்பதெல்லாம் அடிக்கல் நாட்டும் முன்பே தீர்மானமாக எழுதப்பட்டிருக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் கலைஞர்கள் பாதிப்பேராவது இருக்கட்டும், அதில் பறையடிக்கிறவரும் கூத்து வாத்தியாரும் இருக்கட்டும்.

10. பெயர் வைக்கிற பேச்சைக் கடைசிவரை எடுக்காதீர்கள். எடுத்த நாளே குழு இரண்டாகும்.

11. 2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் ஏரியா சபைக் கூட்டம் நடத்துகிறார்கள். பல வார்டுகளில் பத்துப் பேர்கூட வருவதில்லை. அடுத்த கூட்டம் எப்போது என்று உங்கள் கவுன்சிலரிடம் இந்த வாரமே கேளுங்கள். ஐம்பது பேராகப் போங்கள். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி, அதன் நகலை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.